தாளிப்பனை வளர்க்க ஆசையா? முதலில் இடத்தைப் பாருங்கள்

[காட்சி: உச்சியில் பூங்கொத்து விரிந்த தாளிப்பனை]

வணக்கம். மட்டக்களப்பில் நம் வளவுப் பனை வருடா வருடம் பாளை விடும். தாளிப்பனை அப்படியல்ல. 30 முதல் 80 வருடம்வரை பூக்காமலே வளரும். பிறகு ஒரே ஒரு முறை பூக்கும், காய்க்கும், பட்டுப்போகும். குடைப்பனை என்பதும் இதைத்தான். இலங்கையும் தென்னிந்தியாவும் இதன் சொந்த மண்.

ஏன் ஒரு தடவை மட்டும்? இலைகள் ஆக்கும் மாச்சத்தை மரம் தண்டுக்குள்ளே சேர்த்துக்கொண்டே வரும். அவ்வளவையும் அந்த ஒரு பூப்புக்குச் செலவழித்துவிடும். பூங்கொத்து மட்டும் 6 முதல் 8 மீற்றர், அதில் இலட்சக்கணக்கான பூக்கள்! கிளைவிட்ட பூங்கொத்துகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

[காட்சி: ஓலையின் கீழ் நிற்கும் மனிதர்]

ஓர் ஓலை 5 மீற்றர் அகலம்வரை விரியும். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், ஓர் இலை பதினைந்து இருபது பேரை மழைக்கு மூடும் என்று எழுதினார். ஏடு எழுதவும் இதன் குருத்தோலையை எடுத்தார்கள்.

இப்போது நடுகை. விதை நல்ல புதிதாக இருக்கவேண்டும். சதையை நீக்கி ஊறவைத்து ஊன்றுங்கள். முளைக்க மாதக்கணக்கில் எடுக்கும், பொறுங்கள். பனங்கொட்டை போலவே இதுவும் முளையை முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறக்கும். அதனால் உயரமான பொலித்தீன் பை வேண்டும். ஐப்பசியில், மாரி தொடங்கும்போது நிலத்துக்கு மாற்றுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கன்றுக்குத் தண்ணீர் கட்டாயம். அடியில் பொச்சு மட்டை பரப்பினால் ஈரம் நிற்கும். முதல் பல வருடங்களுக்குத் தண்டே தெரியாது, ஓலைதான் பெருக்கும். அந்த ஓலைகளை வெட்டாதீர்கள், மரத்தின் சேமிப்பு அங்கேதான் உருவாகிறது. மட்டை விளிம்பில் கருக்கு இருக்கும், பிள்ளைகள் கவனம்.

எனக்கு இதில் பெரிய விஷயம் இடம்தான். மரம் 25 மீற்றர்வரை உயரும், அடிமரம் ஒரு மீற்றருக்கும் மேல் பருக்கும். பூத்துக் காய்த்து முடிந்ததும் அது பட்ட மரம். 1978 கார்த்திகைச் சூறாவளியைப் பார்த்த ஊர் இது. வீட்டுக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் தயவுசெய்து நடாதீர்கள். கோயில் வெளி, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் குளக்கட்டிலிருந்து தள்ளியிருக்கும் மேட்டுநிலம் பொருந்தும். நட்டவர் பூவைக் காணாமல் போகலாம், ஊர் காணும். அதனால் ஊருக்குப் பொதுவான காணியே நல்லது.

காய்கள் முற்ற ஒரு வருடமளவில் ஆகும். ஆயிரக்கணக்கில் கொட்டும். காயவிடாமல் பொறுக்கி அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் கொடுங்கள். காயை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது, ஆகவே சதையைக் குளத்திலோ வாவியிலோ வைத்துக் கழுவவேண்டாம்.