ஒரு மூட்டை கோதுமைக்கு ஜெயில்: விற்பதற்கு ஒரே வாசல் இருந்தால் என்ன ஆகும்?

(திரையில்: விறகடுப்பு, ரொட்டிக்கல், கையால் தட்டிய ரொட்டி ஒன்று வேகிறது)

வணக்கம். லயத்து அடுப்பில் வேகும் இந்த ரொட்டியிலிருந்தே தொடங்கலாம். நம் இலங்கையில் கோதுமை விளைவதில்லை, கப்பலில்தான் வருகிறது. அதில் கனடாக் கோதுமையும் உண்டு. அந்தக் கனடாவில் 2002ஆம் ஆண்டு 13 விவசாயிகள் ஜெயிலுக்குப் போனார்கள். களவெடுத்ததற்காக அல்ல. சொந்த நிலத்தில் விளைந்த தானியத்தை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதற்காக. அபராதத்தைக் கட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். கட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டே உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுபோனது ஒரே ஒரு மூட்டை. அதைக்கூட விற்கவில்லை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிள்ளைகள் கழகம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

இந்தக் கதையைத் தேடிப் போக வைத்தது கந்தப்பளையில் ஒரு தேத்தண்ணிக் கடை.

(திரையில்: கழுவிய கரட் மூட்டைகள், லொறி, பனி)

அன்றைக்கு ஒருவர் கையில் சந்தைத் துண்டு வைத்திருந்தார். வீட்டுத் தராசில் 53 கிலோ காட்டிய கரட் மூட்டை, துண்டில் 50 ஆகியிருந்தது. மூட்டைக்கு மூன்று கிலோ எங்கே போனது என்று கேட்டால் கழிவு என்கிறார்கள். விலையும் இரவு ஒன்று, விடியும்போது ஒன்று. "பேசாம கவர்ன்மென்டே எல்லாத்தையும் வாங்கிட்டா இந்தத் தொல்ல இல்லையே" என்றார். பக்கத்தில் இருந்த மாமா, லீக்ஸ் போடுபவர், சிரித்தார். "கவர்ன்மென்ட் வாங்கினா வெலைய யாரு தம்பி சொல்றது? நீயா?"

இதே சண்டையைக் கனடா விவசாயிகள் பல பத்தாண்டுகள் போட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் கனடாக் கோதுமைச் சபை. 1935இல் தொடங்கியது, தலைமையகம் வினிபெக். மேற்குக் கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான், அல்பர்ட்டா, அதோடு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒரு மூலை, இந்தப் பகுதிகளில் விளையும் கோதுமையையும் பார்லியையும் ஏற்றுமதிக்கோ மனிதர் சாப்பாட்டுக்கோ விற்பதானால் சபை மூலமாகத்தான் விற்க வேண்டும். கிழக்கே ஒன்டாரியோ விவசாயிக்கு இந்தக் கட்டு இல்லை. மேற்கில் இருந்தவர்களுக்கு வயிறு எரிந்ததில் பாதி இதனால்தான்.

சரி, சபை எப்படிக் காசு கொடுத்தது? கொழுந்து கொடுப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சிறு தேயிலைத் தோட்டக்காரர் பெக்டரிக்குக் கொழுந்து கொடுக்கிறார். அன்றைக்கே முழுக்காசு வராது. கைச்செலவுக்கு அட்வான்ஸ் கிடைக்கும், அப்புறம் கொழும்பு ஏலத்து விலையை வைத்துக் கணக்குப் பார்த்து மிச்சம் வரும். மாதத்தில் எந்த நாள் கொடுத்த கொழுந்தானாலும் விலை ஒன்றுதான். கனடாச் சபையும் அப்படித்தான். தானியம் கொடுத்தவுடன் முதல் தொகை, அதற்கு அரசாங்கம் பிணை. வருடம் முழுக்க உலகச் சந்தையில் விற்று, வந்த காசையெல்லாம் ஒரே குளத்தில் ஊற்றி, தரத்துக்குத் தரம் சராசரி எடுத்து, செலவு போக மிச்சத்தைக் கடைசியில் பகிர்ந்தது. அறுவடை நேரத்தில், விலை விழுந்து கிடக்கும்போது கொடுத்தவருக்கும் அதே விலை, பொறுத்துக் கொடுத்தவருக்கும் அதே விலை.

பிடித்தவர்களுக்குப் பிடித்தது இதுதான். ஆயிரக்கணக்கான பேர் தனித்தனியாகப் போய் ஒருவர் விலையை ஒருவர் குறைக்காமல், ஒரே ஆளாக நின்று விற்கலாம். பிடிக்காதவர்கள் கேட்டதும் நியாயமான கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு நல்ல விலை போகிறது, லொறி என்னுடையது, விளைச்சல் என்னுடையது, நான் ஏன் குளத்தில் ஊற்ற வேண்டும்?

விரும்பியவர் சபைக்கு, விரும்பாதவர் வெளியே என்று விட்டுவிடலாமே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். முதல் எட்டு வருடம் சபைக்குக் கொடுப்பது கட்டாயம் இல்லை. வெளிச் சந்தையில் விலை ஏறினால் ஒருவரும் சபைப் பக்கம் வரவில்லை. 1938 விளைச்சலில் சபையின் விலை சந்தை விலையைவிட மேலே இருந்தது. கோதுமை எல்லாம் சபையின் தலையில் வந்து விழுந்தது, நட்டம் அரசாங்கத்துக்கு.

கட்டாயம் வந்தது 1943இல். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அது விவசாயிக்கு நல்ல விலை வாங்கித் தரக் கொண்டுவந்த சட்டம் அல்ல. யுத்தக் காலத்தில் கோதுமை விலை ஏறிக்கொண்டு போனது, அதை அடக்கத்தான் கொண்டுவந்தார்கள். அதே வாசல்தான் பிற்காலத்தில் விவசாயியின் பலம் என்று பேசப்பட்டது. 1998இல் சபையின் 15 இயக்குனர்களில் 10 பேரை விவசாயிகளே வாக்குப்போட்டுத் தெரிவுசெய்யும் வழியும் வந்தது. பெயரும் பூட்டும் ஒன்றுதான், சாவி கை மாறியது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வாசல் இருந்தது, அது நெல்லுக்கு. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபை வந்தது. நெல்லை அதற்குத்தான் விற்க வேண்டும் என்ற காலமும் இருந்தது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் வழியில் பொலிஸ் மறித்தது. மலையகத்தில் நமக்கு வயல் இல்லை, நாம் சாப்பிடுகிற பக்கம். 1974 பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் பேசினால் குரல் மாறிவிடும். பஞ்சத்துக்குச் சபை மட்டும் காரணம் என்று சொன்னால் அநியாயம், உலகச் சந்தையிலும் அப்போது தானிய விலை எகிறியிருந்தது. ஆனால் அரிசி இருக்கிற ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு ஒரு பையில்கூடக் கொண்டுவர முடியாத நிலையை அனுபவித்தவர்கள் தோட்டத்து ஆட்கள்.

(திரையில்: மழை பெய்யும் வெளி, ரயில் பெட்டிகளின் நீண்ட வரிசை)

கனடாவில் முடிவு எப்படி வந்தது? 2011இல் சபை தானே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. கோதுமை விவசாயிகளில் 62 சதவீதம் பேர் சபையின் தனியுரிமை இருக்கட்டும் என்றார்கள். பார்லியில் 51 சதவீதம். பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஓகஸ்ட் முதலாம் திகதி கட்டாயம் முடிந்தது. எல்லை தாண்டித் தண்டனை வாங்கிய விவசாயிகளுக்கு அன்றே மன்னிப்பு அறிவித்தார்கள். அடுத்த வருடம் வரலாறு காணாத விளைச்சல், பின்னாலேயே கடுங்குளிர். ரயில் பெட்டி கிடைக்காமல் தானியம் குவிந்து கிடந்தது. 2014 மார்ச்சில் நாட்டின் இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளும் வாரத்துக்குத் தலா 5 இலட்சம் தொன் ஏற்றியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. சபையின் கட்டாயம் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒரு பக்கம், இருந்திருந்தாலும் பனி பனிதான் என்று மறு பக்கம். 2015இல் சபையின் பாதிக்குச் சற்று மேலான பங்கு ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போனது. அதில் ஒரு கை பெரிய தானியக் கம்பெனி, மறு கை சவுதி அரேபியாவின் முதலீட்டு நிறுவனம்.

இதையெல்லாம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "அங்க மூட்டைக்கு எத்தன கிலோ கழிக்கிறாங்க?"

கழிக்கிறார்கள். களை விதை, பதர், தூசி என்று எடையில் குறைக்கிறார்கள். ஆனால் கழிவு கூடிப்போச்சு என்று விவசாயி நினைத்தால் ஒரு வழி உண்டு. வாங்குகிற இடத்தில் சோதனைக்கு எடுத்த தானியத்தையே கனடாத் தானிய ஆணைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம். அவர்கள் சொல்லும் தரத்துக்கும் கழிவுக்கும் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும். அந்த ஆணைக்குழு 1912இல் வந்தது, கோதுமைச் சபைக்கு 23 வருடம் மூத்தது. சபை போன பிறகும் இருக்கிறது.

மாமா கிளாசைக் கீழே வைத்தார். "இத மொதல்ல சொல்லியிருக்கலாமே."