மூச்சு விடுதலும் வீடும்

[காட்சி: ஊசியில் நூல் கோக்கும் கைகள்]

ஊசியின் காதில் நூலைக் கோக்கும்போது உங்கள் மூச்சு என்ன செய்கிறது என்று என்றாவது கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது நின்றிருக்கும். நூல் நுழைந்த பிறகுதான் வெளியே வரும். நிறைகுடத்தைத் தூக்கும்போதும், கோபத்தோடு கைபேசியில் ஒரு பதிலைத் தட்டும்போதும் நாம் அறியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நாள் முழுவதும் இப்படி எத்தனை முறை பிடித்துக்கொள்கிறோம் என்பதை யோகப் பயிற்சிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. இந்த வீடியோவில் அதை மட்டுமே பேசப்போகிறேன்.

[காட்சி: பச்சிமோத்தானாசனத்தில் அமர்ந்திருப்பவர்]

கால்களை நீட்டி அமர்ந்து, முன்னே குனிந்து கால்விரல்களைத் தொடும் ஆசனம் இது. பல மாதங்கள் நான் இதைக் கைகளால் இழுத்து இழுத்தே செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க இழுக்க, தொடையின் பின்புறத் தசைகள் இன்னும் இறுகின. தசையை வலிந்து இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும் என்பது உடலின் இயல்பு. இழுப்பதை நிறுத்திவிட்டு மூச்சை மெல்ல வெளியே விட்டபோதுதான், இடுப்பு தானாகவே ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் சூத்திரங்கள் மூன்றே மூன்றுதான். இரண்டாம் பாதத்தின், அதாவது இரண்டாம் அத்தியாயத்தின், 46ஆம் சூத்திரம், ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த சூத்திரம் அதற்கான வழியை, முயற்சியைத் தளர்த்துவது என்றும், எல்லையற்றதில் மனம் தோய்வது என்றும் சொல்கிறது. முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை, தளர்த்தத்தான் சொல்கிறது. முயன்று பார்க்காதவரிடம் தளர்த்துவதற்கு என்ன இருக்கிறது?

[காட்சி: திருமந்திர ஏட்டின் பக்கம்]

நம் திருமூலர் மூச்சுக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார். அவர் கணக்கில் மாத்திரை என்பது ஒரு கால அளவு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், மூச்சை உள்ளே இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரையும், உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64 மாத்திரையும், வெளியே விடும் ரேசகத்துக்கு 32 மாத்திரையும் வகுக்கிறார். ஆசிரியரின் துணையின்றி, குறிப்பாக இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், அந்த 64 மாத்திரையைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது மற்ற இரண்டு எண்களைத்தான்: வாங்குவதைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவதற்கு. மூச்சை வாங்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவதும், விடும்போது தணிவதும் இன்றைய உடலியல் அளந்து சொல்லும் செய்தி. அவ்வாறு தணிப்பது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு.

[காட்சி: கரும்பலகையில் விடு, வீடு என்ற இரு சொற்கள்]

தமிழில் நாம் 'மூச்சு விடு' என்றே சொல்கிறோம். வாங்குவதும் விடுவதும் சேர்ந்த முழுச் செயலுக்கும் விடுதலையே பெயராக வைத்திருக்கிறோம். அந்த 'விடு' என்னும் வினைச்சொல், கெடு என்பது கேடு ஆவதைப் போலவும், சுடு என்பது சூடு ஆவதைப் போலவும், முதலெழுத்து நீண்டு 'வீடு' என்னும் பெயராகிறது. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் நான்காவதாக வரும் வீடும் அதுவே. மாலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாம் நுழையும் வீடும் அதுவே. முக்தியைக் காட்டும் சொல்லும் முகவரியில் எழுதும் சொல்லும் ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

[காட்சி: அடுப்பில் பொங்கும் பால், ஒலிக்கும் கைபேசி]

பாயில் கற்றதற்கு உண்மையான சோதனை இந்த இரண்டாம் வீட்டில்தான் நடக்கிறது. பால் பொங்குகிறது, பள்ளி வேன் வாசலில் நிற்கிறது, குழந்தை காலுறையைக் காணோம் என்கிறது, அப்போது பார்த்து ஒருவர் நம்மைக் குறை சொல்கிறார். நாக்கின் நுனியில் பதில் தயாராக இருக்கும் அந்தக் கணத்தில், நூல் கோக்கும்போது நின்றதைப் போலவே மூச்சு நின்றிருப்பதை உணர முடிந்தால், அதை விட்டுவிடலாம். கோபம் அதனால் மறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஒருநாளும் மறைந்ததில்லை. ஆனால் மூச்சு வெளியேறி முடியும் அந்த நான்கைந்து நொடிகளில், சொல்ல நினைத்த சொற்களில் பாதி தேவையற்றவை என்பது தெரிந்துவிடுகிறது.

செய்து பார்க்க விரும்புபவர்கள் காலையில் நிமிர்ந்து அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை வாங்கி, எட்டு எண்ணும்வரை விட்டு, பத்துச் சுற்றுகள் பழகுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம். எட்டு கடினமானால் ஆறு போதும். பழகிய பின் வீட்டாருக்கு நடுவில் செய்யும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வாயைத் திறந்து நீளமாக மூச்சு விட்டால், "இப்போது எதற்கு இந்தப் பெருமூச்சு?" என்று புதிதாக ஒரு சண்டை தொடங்கும். மூக்கின் வழியாக, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காதபடி விடுங்கள்.