குதிரையான பேராசான்

அவைத் தலைவர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓவியக் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கும், அறிமுக உரையாற்றிய புலவர் ஐயாவின் அன்புக்கும் நன்றி.

ஆண்களை அடக்கும் பெண்: பழைய ஐரோப்பிய மர அச்சுப்படங்களில் வரும் இந்தப் பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஜெர்மன்காரர்கள் இதை 'வைபர்மாக்ட்', அதாவது பெண்களின் வல்லமை, என்பார்கள். கதை, கட்டை, விலை என மூன்று செய்திகள் சொல்கிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும். இங்கே சறுக்கிய யானை அரிஸ்டாட்டில்! அவருடைய சீடன் அலெக்சாந்தர், பிலிஸ் என்ற பெண்ணின் மயக்கத்தில் பாடத்தை மறந்தான். வாத்தியார் கண்டித்தார். அவளுக்கு வந்ததே கோபம்! விடிகாலையில் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு, அவர் சன்னலுக்குக் கீழே பாடிக்கொண்டே பூப்பறித்தாள். ஏட்டைப் புரட்டிய கை நின்றது. இறங்கி வந்து கெஞ்சினார். "ஆகட்டும் ஐயா, உங்கள் முதுகில் ஏறி ஒரு சுற்று வரணும்" என்றாள். உலகத்துக்கே தர்க்கம் சொன்னவர் மண்டியிட்டார். ஒளிந்து பார்த்த சீடன் சிரித்தான். அவர் விட்டாரா? "கிழவன் எனக்கே இந்தக் கதி என்றால், வாலிபன் உனக்கு?" என்று அதையும் பாடமாக்கிவிட்டார்! (கைதட்டல்) நடந்ததல்ல, இடைக்காலக் கட்டுக்கதை.

1513இல் ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் பால்டுங் இதை மரக்கட்டை அச்சாக்கினார். இருவர் உடலிலும் ஆடையில்லை. அவள் கையில் சாட்டை, அவர் வாயில் கடிவாளம். நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஓவியர் லூகாஸோ இந்தப் பொருளில் இரண்டு வரிசையே போட்டார்: விவிலியக் கதையில் வரும் பலசாலி சிம்சோனின் முடியை வெட்டும் தெலீலாள், ஒரு பெண்ணிடம் ஏமாந்து கூடையில் தொங்கும் ரோமக் கவிஞர் வெர்ஜில், இன்னும் பலர்.

கட்டைக்கு வருவோம். நெடுக்காக அறுத்த பேரி மரப் பலகை. வரைந்த கோட்டின் இருபுறமும் கத்தியைச் சாய்த்து வெட்டினால் கோடு மட்டும் மேடாக நிற்கும்; அந்த மேட்டில் மை தடவித்தான் தாளில் அச்செடுப்பார்கள். சாட்டை நுனி போன்ற மெல்லிய கோடு மரநாருக்குக் குறுக்கே ஓடினால் பொடிந்துவிடும். வெள்ளை விட வேண்டிய இடத்தை ஆழமாகத் தோண்டாவிட்டால் மை இறங்கி அழுக்காக விழும். யானைக்கும் அடி சறுக்கும், கைதேர்ந்தவன் கத்தியும் சறுக்கும். அந்த இடத்தைச் சதுரமாகத் தோண்டி, புதுத் துண்டை இறுக்கி, மறுபடி வெட்ட வேண்டும். துண்டு ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் அச்சில் வெள்ளைக் கீற்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கத்தியைப் பிடித்தவர் யார்? படத்தில் இருப்பது வரைந்தவரின் முத்திரைதான். வெட்டுவது பெரும்பாலும் தனித் தொழிலாளியின் வேலை. ஜெர்மன் ஓவியர் ட்யூரருக்கு வெட்டிய ஹியரோனிமஸ் ஆண்ட்ரே, ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் வெட்டிய யோஸ்ட் டெ நெக்கர் என்று சிலர் பெயர்தான் தப்பியது. காப்பாட்சியர் ஐயா, இந்த மேடையிலேயே கேட்கிறேன்: பெயரட்டையில் 'வரைந்தவர்' என்பதற்குக் கீழே 'வெட்டியவர்' என்று ஒரு வரி சேருங்கள். பெயர் தெரியாவிட்டால், 'பெயர் தெரியவில்லை' என்றே போடுங்கள். விலையைப் பற்றிச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.