'300' படம் மறந்துவிட்ட 700 பேர்

வணக்கம் நண்பர்களே. பழைய கிரேக்கப் போர்களை வைத்து எடுத்த படங்களில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பேசச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாப் படத்தையும் ஒரே வீடியோவில் தொட்டால் எதுவுமே உருப்படியாக வராது. அதனால் இன்றைக்குத் தெர்மோபைலே என்ற கிரேக்கக் கணவாயில் நடந்த போர் மட்டும். கி.மு. 480. ஒரு பக்கம் ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடாஸ், மறுபக்கம் பாரசீகப் பேரரசன் செர்க்செஸ். படம், ஸாக் ஸ்னைடர் இயக்கிய '300'.

அந்தப் படத்தில் காண்டாமிருகம் வருகிறது. பாரசீக வீரர்கள் வெள்ளி முகமூடி போட்டிருக்கிறார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் மார்புக் கவசமே இல்லாமல் வெறும் உடம்போடு ஈட்டிக்கு எதிரே நிற்கிறார்கள். எல்லாம் கற்பனைதான். ஆனால் என் வருத்தம் அதில் இல்லை. அது ஃபிராங்க் மில்லரின் காமிக்ஸிலிருந்து வந்த படம். அதோடு, கதையைச் சொல்வதே டீலியோஸ் என்கிற ஸ்பார்ட்டா வீரன். அடுத்த போருக்கு முன்னால் தன் ஆட்களுக்கு வெறியேற்றச் சொல்கிறான். அப்படிச் சொல்பவன் எதிரியைப் பூதமாகத்தான் காட்டுவான். ஆனால் 2007-இல் படம் வந்தபோது, அன்றைய பாரசீகமான ஈரானில் எழுந்த கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான சூசாவின் அரண்மனையிலிருந்த வண்ண ஓட்டுச் சுவர் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வரிசையாக நிற்கும் காவல் வீரர்களைப் பாருங்கள். பூவேலை செய்த நீண்ட அங்கி, சுருள் சுருளாக ஒழுங்குபடுத்திய தாடி, நிமிர்த்திப் பிடித்த ஈட்டி. அவ்வளவு அழகான மனிதர்களை அரக்கர்களாக ஆக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, எனக்கு நெருடுகிற இடத்துக்கு வருகிறேன். கேடயம்.

கிரேக்கக் காலாட்படை வீரனின் கேடயம் வட்டமானது. மரத்தில் செய்து முகப்பில் வெண்கலத் தகடு போர்த்தியிருப்பார்கள். குறுக்களவு சுமார் 90 சென்டிமீட்டர், எடை ஏழு கிலோவை ஒட்டி வரும். அதைப் பிடிக்கிற விதம்தான் முக்கியம். உட்பக்கம் நட்டநடுவில் ஒரு வளையம் இருக்கும். இடது கையை அதற்குள் முழங்கை வரை நுழைக்க வேண்டும். விளிம்புக்கு அருகில் ஒரு கயிற்றுப் பிடி இருக்கும், அதை முஷ்டியால் இறுக்கிக்கொள்ள வேண்டும். இப்படிப் பிடித்தால் கேடயத்தின் நடுப்பகுதி உங்கள் முழங்கையில் வந்து உட்காரும். அதனால் வலது பாதிதான் உங்களுக்கு. இடது பாதி உங்கள் உடம்பைத் தாண்டி வெளியே நிற்கும். அது உங்கள் இடதுபக்கம் நிற்பவனின் வலது விலாவை மூடும். உங்கள் வலது விலாவை மூடுவது உங்கள் வலதுபக்கத்து ஆளின் கேடயம். ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் வரிசை அது. கி.மு. 418-இல் நடந்த மாண்டினியா போரைப் பற்றி எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் இதைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவனும் பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பதால், மொத்தப் படையுமே நடக்க நடக்க வலதுபக்கம் சாய்ந்துகொண்டே போகுமாம்.

இது படத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. படத்தில், படையில் சேரக் கேட்டு வரும் கூனன் எஃபியால்டீஸிடம் லியோனிடாஸே இதை அழகாக விளக்குகிறார்: ஸ்பார்ட்டா வீரன் தன் கேடயத்தால் பக்கத்தில் நிற்பவனைக் காக்க வேண்டும், உன்னால் கேடயத்தை உயர்த்த முடியவில்லை, அதனால் உன்னைச் சேர்க்க முடியாது என்கிறார். முதல் மோதலில் வரிசையும் சரியாக நிற்கிறது. அப்புறம் ஒவ்வொருவனும் வரிசையை உடைத்துக்கொண்டு தனியாக ஓடுகிறான். ஸ்லோ மோஷனில் நான்கைந்து பேரைக் குத்திச் சாய்க்கிறான். உண்மையான ஸ்பார்ட்டாவில் அது வீரம் இல்லை, குற்றம்.

உண்மையான எஃபியால்டீஸும் படத்தில் வருவதுபோல ஸ்பார்ட்டாவில் பிறந்த கூன் விழுந்த பிள்ளை இல்லை. அந்தப் பகுதியில் வாழ்ந்த மாலிஸ் நாட்டுக்காரன். மலைப்பாதை தெரிந்தவன், வெகுமதிக்கு ஆசைப்பட்டு அதைப் பாரசீகர்களுக்குக் காட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

கிணற்றுக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. செர்க்செஸின் தூதனை லியோனிடாஸ் காலால் உதைத்துக் கிணற்றில் தள்ளுவாரே, அது. இந்தப் போர்களை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது வேறு. தூதர்களைக் கிணற்றில் போட்டது நடந்ததுதான், ஆனால் அவர்கள் செர்க்செஸின் அப்பா தரையஸ் அனுப்பியவர்கள். பிறகு பலிகளில் நல்ல சகுனம் வராமல் போகவே, தெய்வக் குற்றம் என்று ஸ்பார்ட்டா பயந்தது. ஈடாக உயிரைக் கொடுக்க யார் தயார் என்று சபை கூட்டிக் கேட்டார்கள். ஸ்பெர்த்தியஸ், பூலிஸ் என்ற இரண்டு பெருங்குடிக்காரர்கள் முன்வந்து, சாவதற்கென்றே சூசாவுக்குப் போனார்கள். செர்க்செஸ் அவர்களைக் கொல்லவில்லை. தூதரைக் கொன்று உலகத்துக்கே பொதுவான நெறியை நீங்கள் மீறினீர்கள், அதையே நானும் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான். இந்த செர்க்செஸைத் திரையில் ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

இப்போது அந்த 700 பேர். தெர்மோபைலேயில் தொடக்கத்தில் நின்ற கிரேக்கர்கள் சுமார் 7,000 பேர். மலைப்பாதை வழியாகப் பாரசீகர்கள் பின்னால் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள். படத்தில் கடைசியில் மிஞ்சுவது ஸ்பார்ட்டாக்காரர்கள் மட்டும். ஹெரோடோட்டஸின் கணக்கில் தெஸ்பியா என்ற சிறிய ஊரின் 700 பேரும் கூட நின்றார்கள். தலைவன் பெயர் டெமோஃபிலஸ். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. (தீப்ஸின் 400 பேரும் இருந்தார்கள், ஆனால் விருப்பமில்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்கள், கடைசியில் சரணடைந்தார்கள் என்கிறார்.) தெஸ்பியாவின் 700 பேரும் அங்கேயே செத்தார்கள். பிறகு பாரசீகப் படை அவர்கள் ஊரையும் எரித்தது. அடுத்த வருடம் கிரேக்கர்களும் பாரசீகர்களும் மறுபடி மோதிய பிளாட்டியா போருக்கு மிச்சமிருந்த தெஸ்பியாக்காரர்கள் 1,800 பேர் வந்தார்கள், கனமான கவசமும் கேடயமும் இல்லாமல். ஸ்பார்ட்டாக்காரர்களின் அடிமைகளான ஹெலட்டுகளும் தெர்மோபைலேயில் செத்துக் கிடந்தார்கள். அவர்களையும் படம் காட்டவில்லை. தெர்மோபைலேயில் லியோனிடாஸுக்கு 1955-இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். தெஸ்பியாக்காரர்களுக்கு வைக்க 1997 ஆனது.

அடுத்து, படத்தில் ஒரு கண்ணை இழந்து கதை சொல்ல ஊருக்குத் திரும்பும் டீலியோஸ். ஹெரோடோட்டஸில் இந்த இடத்தில் இரண்டு பேர் வருகிறார்கள்: யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ். இருவருக்கும் கடுமையான கண் நோய். லியோனிடாஸே அவர்களை விடுவித்து அனுப்பியிருந்தார். பாரசீகர்கள் சுற்றி வளைத்த செய்தி வந்ததும் யூரிட்டஸ் தன் கவசத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். கண் தெரியாததால் ஹெலட் ஒருவனைக் கைப்பிடித்துப் போர்முனைக்குக் கூட்டிப் போகச் சொன்னான். கொண்டுபோய் விட்டதும் ஹெலட் ஓடிவிட்டான். யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து செத்தான்.

அரிஸ்டோடெமஸ் ஊருக்குத் திரும்பினான். அவன் அடுப்பு மூட்ட யாரும் நெருப்புக்கூடத் தரவில்லை. ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுங்கி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு வருடம் அப்படி வாழ்ந்துவிட்டுப் பிளாட்டியாவில் வரிசையை விட்டு வெளியே பாய்ந்து, வெறிபிடித்தவன்போலச் சண்டையிட்டுச் செத்தான். அன்று எல்லாரையும்விட வீரமாகப் போரிட்டவன் அவன்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டா அவனுக்கு எந்த மரியாதையும் செய்யவில்லை. காரணம், அவன் சாக ஆசைப்பட்டு வரிசையை விட்டு ஓடினான். படம் முழுக்க நாம் கைதட்டியது எதற்கோ, அதே காரியத்துக்காக ஒருவனுக்குக் கௌரவம் மறுத்த ஊர் அது. டீலியோஸின் இடத்தில் அரிஸ்டோடெமஸை வைத்து ஒரு படம் வந்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

அதுவரைக்கும், ருடால்ஃப் மாத்தே இயக்கி 1962-இல் வந்த 'தி 300 ஸ்பார்ட்டன்ஸ்' இருக்கிறது. கிரீஸிலேயே எடுத்தது. வசனம் கொஞ்சம் நாடகபாணிதான், சண்டைக் காட்சிகளும் இன்றைய கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். ஆனால் அதில் தெஸ்பியாக்காரர்கள் கூடவே நிற்கிறார்கள், டெமோஃபிலஸும் வருகிறார். ஃபிராங்க் மில்லர் சின்ன வயதில் பார்த்து மயங்கியது இந்தப் படத்தைத்தான்.

2014-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குத் தனி வீடியோ வேண்டும். அதில் ஆர்டெமிசியாவைப் பாரசீகக் கடற்படைத் தலைவியாக்கி, சலாமிஸ் கடற்போரில் கொன்றும் விடுகிறார்கள். உண்மையில் அவள் ஹாலிகார்னாசஸின் அரசி, கொண்டு வந்தது ஐந்து கப்பல். சலாமிஸில் மோத வேண்டாம் என்று செர்க்செஸுக்கு அறிவுரை சொன்னவள். போரிலிருந்து உயிரோடு தப்பினாள். செர்க்செஸ் தன் பிள்ளைகளைப் பத்திரமாக எபேசஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவளிடம்தான் ஒப்படைத்தான். எப்படித் தப்பினாள் என்பதை அடுத்த வீடியோவில் கப்பல் கப்பலாகப் பார்ப்போம்.