ராத்திரி துரத்தும், காலையில் வாலாட்டும்

வணக்கம். அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. வாசித்துவிடுகிறேன். "வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வருகிறேன். தெருமுனையில் ஒரு நாய் தினமும் துரத்துகிறது. அதே நாய் காலையில் நான் கோலம் போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாலாட்டுகிறது. இதைத் திட்டுவதா, கொஞ்சுவதா?"

எனக்கு நாய் என்றால் உயிர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் அதற்கு உங்களைத் தெரியும். உங்கள் வாடை தெரியும், குரல் தெரியும். இரவில் வருவது நீங்கள் என்று அதற்குத் தெரியாது, அம்மா. ஹெல்மெட் போட்ட ஒரு உருவம், கண்ணில் அடிக்கிற வெளிச்சம், இன்ஜின் இரைச்சல், அவ்வளவுதான். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்கு 40,000-க்கும் மேலே கேட்கும். நமக்குச் சாதாரணமாக இருக்கிற பிரேக் கிறீச்சல் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, பகலெல்லாம் ஊர் சுற்றிய டயரில் வேறு தெரு நாய்களின் மூத்திர வாடை. "யாரடா என் எல்லைக்குள்" என்று கிளம்பிவிடும்.

ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பிறவிக் குணம். நீங்கள் முறுக்க முறுக்க அதுவும் வேகம் கூட்டும். எங்கள் தெருவில் ஒருவர் பயந்து முறுக்கி, நாய் தொடாமலே கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதனால் தெருமுனைக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். துரத்த ஆரம்பித்தால் மெதுவாக நிறுத்திவிடுங்கள். காலை உதறாதீர்கள். காலையில் கூப்பிடுகிற அதே குரலில் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல் பட்டுவிட்டால், கீறல்தான் என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் முற்றினால் மருந்தே இல்லை. பாசம் வேறு, இது வேறு.

அப்புறம், காலையில் வரும்போது அதன் காதைப் பாருங்கள். எங்கள் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு செவலை படுத்திருக்கும். ஒரு காது நுனியில் சின்ன முக்கோணமாக வெட்டு இருக்கும். யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் வருத்தப்பட்டேன். அது கருத்தடை செய்ததற்கான அடையாளம். 2023-இல் வந்த விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்து, நாயைப் பிடித்துப்போன இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். உங்கள் தெரு நாய்க்கு அந்த வெட்டு இல்லையென்றால் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ சொல்லுங்கள். திட்டுவதைவிட அது பலன் தரும்.

அந்தச் செவலை மேலும் எனக்கு எரிச்சல் உண்டு. துடைத்து நிறுத்திய வண்டி டயரில்தான் காலைத் தூக்கும். வாசலில் விட்ட செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் காலையில் நான் டீக்கடைப் படி ஏறுவதற்கு முன்பே பெஞ்சுக்கால் தகரத்தில் அதன் வால் டப் டப்பென்று அடிக்கும். எழுந்திருக்காது, கண்ணைக்கூடத் திறக்காது, வால் மட்டும் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்காத நாளில் எனக்கு டீ ருசிப்பதில்லை.

அதனால் கொஞ்சுங்கள் என்றுதான் சொல்வேன். கோலம் போடும்போது ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். வெயில் காலத்தில் தண்ணீர் ரொம்ப முக்கியம். கிரீம் பிஸ்கட் வேண்டாம், தயிர்சாதம் ஒரு பிடி போதும்.

இன்றைக்கு ராத்திரி அந்த முனையில் நிறுத்திக் குரல் கொடுத்துப் பாருங்கள். என்ன செய்தது என்று எழுதுங்கள். சரி, அடுத்த கேள்வி.