தகடு வைத்த ஷூ நம் வேகத்தைக் கூட்டுமா?

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது: “நான் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறேன். கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால் என் நேரம் குறையுமா? 20,000 ரூபாய் கொடுத்து வாங்கத் தயக்கமாக இருக்கிறது.”

சராசரியாகப் பார்த்தால், உங்கள் வேகத்தில் ஓடுபவருக்கு நேரம் மிகச் சிறிய அளவே குறையும். அதுவும் உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஏன் என்று விளக்குகிறேன்.

2017-இல் நைக்கி நிறுவனம் அடிப்பகுதி நுரைக்குள் கார்பன் தகடு வைத்த வேப்பர்ஃப்ளை ஷூவை வெளியிட்டபோது, ‘4%’ என்பதை அதன் பெயரிலேயே சேர்த்தது. அந்த எண் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நைக்கியின் நிதியுதவியோடு 18 ஓட்ட வீரர்களை வைத்து நடந்த ஆய்விலிருந்து வந்தது. 10 கிலோமீட்டரை ஏறத்தாழ 31 நிமிடத்தில் ஓடக்கூடிய அவர்களை மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடவிட்டு, மூச்சின் வழியாக ஆற்றல் செலவை அளந்தபோது, மற்ற பந்தய ஷூக்களைவிட வேப்பர்ஃப்ளையில் அது சராசரியாக 4 விழுக்காடு குறைந்திருந்தது. குறைந்தது ஆற்றல் செலவுதான். நேரமும் அதே விகிதத்தில் குறையும் என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, அந்த ஆய்வின் மிகக் குறைந்த வேகமே மணிக்கு 14 கிலோமீட்டர். நீங்கள் ஓடுவதோ 10.

உங்கள் வேகத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வேப்பர்ஃப்ளையின் பிந்தைய பதிப்பை அணிந்து ஓடியவர்களுக்கு மணிக்கு 12 கிலோமீட்டரில் சராசரியாக 1.4 விழுக்காடும், 10 கிலோமீட்டரில் 0.9 விழுக்காடும் ஆற்றல் மிச்சமானது. இது அப்படியே நேரமாக மாறினாலும், உங்கள் ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் அரை நிமிடம்தான். சராசரிக்குப் பின்னால் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது என்பதையும், சிலருக்குச் செலவு கூடவே செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலரும் தகடுதான் ஸ்பிரிங் போல நம்மை முன்னே தள்ளுகிறது என்று நம்புகிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேப்பர்ஃப்ளையின் முன்பாதத் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் வெட்டி, அதன் விறைப்பைப் போக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, ஆற்றல் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பெரும்பங்கு வேலையைச் செய்வது ‘பீபா’ என்ற நுரைதான்: காலை ஊன்றும்போது அமுங்கும் அது, வாங்கிய ஆற்றலில் ஏறத்தாழ 87 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது, பழைய பந்தய ஷூக்களில் இருந்த ஈவிஏ நுரை தருவது 66 விழுக்காடு அளவில்தான். ஆகவே சாதாரண ஈவிஏ நுரைக்குள் ஒரு தகட்டைச் செருகி, ‘கார்பன்’ என்று பெரிதாக எழுதி விற்கப்படும் மலிவு ஷூவால் இந்தப் பயன் கிடைக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே என்ன நுரை இருக்கிறது என்பதே.

வாங்கியே தீருவது என்று முடிவு செய்தால், அன்றாடப் பயிற்சிக்கு வேண்டாம். பந்தய நாளுக்கும் அதற்கு முந்தைய சில வேக ஓட்டங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பான, உயரமான அடிப்பகுதி பாதத்தின் மீது சுமை விழும் விதத்தை மாற்றுகிறது. இத்தகைய ஷூ அணிந்த ஐந்து ஓட்டக்காரர்களுக்குப் பாதத்தின் நடுவிலுள்ள நேவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை 2023-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஷூதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனாலும் கெண்டைக்காலும் பாதமும் பழகச் சில வாரங்கள் கொடுங்கள், பாதத்தின் நடுவே வலித்தால் ஓடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தகடே இல்லாமல் பீபா நுரையில் செய்த பயிற்சி ஷூக்களும் இப்போது கிடைக்கின்றன. உங்கள் வேகத்திற்கு நான் முதலில் போட்டு ஓடிப் பார்க்கச் சொல்வது அவற்றைத்தான்.