2,568 சிசி: ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஏன் இப்படிப் பிறந்துச்சு?

[காட்சி: கறுப்புத் திரை. நடுவுல 2,568 என்ற எண் மட்டும்.]

2,568. இது ஒரு இன்ஜினோட சிசி. கார் விஷயம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இந்த எண் உறுத்தும். ரெண்டு லிட்டர் இன்ஜின் கேள்விப்பட்டிருப்பீங்க, ரெண்டரை, மூணு லிட்டரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது என்ன 2.6?

1989 ஆகஸ்ட்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். அந்தத் தலைமுறையோட குறியீட்டுப் பேர் ஆர்32. அதோட இன்ஜின்தான் இது. இன்ஜின் பேர் ஆர்பி26டிஇடிடி, சுருக்கமா ஆர்பி26. இந்த 2.6 எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிட்டா, இந்தக் காரை ரேஸ்ல ஏன் அடிக்க முடியலைன்னும் புரியும், டியூனிங் பண்றவங்க, அதாவது இன்ஜினை மாத்தியமைச்சு சக்தியைக் கூட்டுறவங்க, முப்பது வருஷத்துக்கு மேல இதையே ஏன் சுத்தி வர்றாங்கன்னும் புரியும்.

[காட்சி: சுசூகா டிராக், பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

முதல்ல 1964. அப்போ ஸ்கைலைன் நிசான் கார் கிடையாது, பிரின்ஸ்னு வேற ஒரு கம்பெனி கார். சாதாரண நாலு சிலிண்டர் குடும்பக் கார். ஜப்பான் கிராண்ட் பிரீக்காக அதோட மூக்கை 200 மில்லிமீட்டர் நீட்டி, உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திணிச்சாங்க. சுசூகாவுல எதிர்ல நின்னது போர்ஷே 904. ரேஸுக்குன்னே செஞ்ச கார் அது. ஆனா ஒரே ஒரு லேப், அதாவது டிராக்கை ஒரு சுத்து, டெட்சு இகுசாவா ஓட்டின ஸ்கைலைன் அந்த போர்ஷேவுக்கு முன்னாடி வந்துச்சு. ஜெயிச்சது போர்ஷேதான். ஆனா இன்னைக்கும் ஜப்பான்ல அந்த ஒரு லேப்பைப் பத்தித்தான் பேசுறாங்க. நாலு கதவு குடும்பக் கார் போர்ஷேவை முந்தினதைக் கண்ணால பார்த்த கூட்டம் அது.

1966ல பிரின்ஸ் நிசானோட இணைஞ்சது. 1969ல முதல் ஜிடி-ஆர். 1,989 சிசி, 24 வால்வு, 160 குதிரைத்திறன். மூணு வருஷத்துக்குள்ள நிசான் கணக்குப்படி 50 ரேஸ் ஜெயிச்சது. அடுத்து 1973ல வந்த ரெண்டாவது ஜிடி-ஆர் வெறும் 197 கார்தான் வித்துச்சு. அதோட அந்தப் பேரே 16 வருஷம் தூங்கிடுச்சு.

[காட்சி: வெள்ளைப் பலகை. கணக்கு ஒவ்வொரு வரியா வருது.]

இப்போ அந்த 2,568க்கு வருவோம். எண்பதுகள்ல டூரிங் கார் ரேஸெல்லாம் குரூப் ஏ விதிப்படி நடந்துச்சு. விதி என்னன்னா, ரேஸ்ல ஓட்டுற கார் ரோட்டுல விக்கிற காரா இருக்கணும். அதுவும் 12 மாசத்துல 5,000 கார் செஞ்சிருக்கணும். டர்போ, அதாவது இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்தை அழுத்தித் தள்ளுற கருவி இருந்தா, இன்ஜினோட சிசியை 1.7ஆல பெருக்குவாங்க. வர்ற எண்ணை வச்சுத்தான் உங்க கார் எந்தப் பிரிவு, குறைஞ்சபட்ச எடை எவ்வளவு, டயர் எவ்வளவு அகலம் எல்லாம் முடிவாகும்.

நிசான் இன்ஜினியர்கள் முதல்ல யோசிச்சது 2.4 லிட்டருக்குக் கொஞ்சம் கீழ. 1.7ஆல பெருக்கினா 4,000 சிசி பிரிவுக்குள்ள அடங்கும். ஆனா அவங்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு. அந்தக் காலத்து ராஜா ஃபோர்டு சியரா. 500 குதிரைத்திறனுக்கு மேல, எல்லாமே பின் சக்கரத்துக்கு. அந்த சக்தி ரோட்டுல இறங்காம டயரைத்தான் தின்னுச்சு. அதனால நாலு சக்கரத்துக்கும் சக்தி போகணும்னு முடிவு பண்ணாங்க. அப்படிப் பண்ணா எடை கூடும். எடை கூடினா அந்தப் பிரிவோட குறைஞ்சபட்ச எடைக்கு இறங்கவே முடியாது. சரி, ஒரு படி மேல போயிடுவோம். அடுத்த பிரிவு 4,500 சிசி வரைக்கும், எடை 1,260 கிலோ. 2,568ஐ 1.7ஆல பெருக்கிப் பாருங்க. 4,365. கச்சிதமா உள்ள உக்காருது.

அதாவது வரிக்கோ மைலேஜுக்கோ சம்பந்தமே இல்லாம, ஒரு ரேஸ் விதிப்புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு அளந்து செஞ்ச இன்ஜின். வார்ப்பிரும்புல பிளாக் (இன்ஜினோட முக்கிய உடம்பு), ரெண்டு டர்போ, ஆறு சிலிண்டருக்கும் காத்தை அளந்து விடுற தனித்தனி திராட்டில். ரேஸ்ல 500, 600 குதிரைத்திறனைத் தாங்கணும்னு மனசுல வச்சே வார்த்தது.

நாலு சக்கர இழுவையும் புத்திசாலித்தனமானது. பேர் அட்டெசா ஈ-டிஎஸ். சாதாரணமா ஓட்டும்போது இது பின்சக்கர இழுவைக் கார்தான். பின் டயர் வழுக்கத் தொடங்கினா, சக்கர வேகத்தையும் கார் சாயுற விசையையும் சென்சார் கவனிச்சு, பல தட்டு கிளட்ச் ஒண்ணை ஹைட்ராலிக் அழுத்தத்தால இறுக்கும். தேவையான அளவு சக்தி மட்டும் முன்னாடி போகும், அதிகபட்சம் பாதி. அதனால வளைவுல பின்சக்கரக் கார் மாதிரி திரும்பும், வெளிய வரும்போது நாலு காலால மண்ணைப் பிடிச்சு ஓடும்.

[காட்சி: நீல நிற கால்சானிக் ஸ்கைலைன்.]

1990 மார்ச். முதல் ரேஸ், நிஷி நிஹோன் சர்க்யூட். கசுயோஷி ஹோஷினோவும் தோஷியோ சுசூகியும் ஓட்டின நீல ஸ்கைலைன் ஜெயிச்சது. ரெண்டாவது வந்ததும் ஜிடி-ஆர். மத்த எல்லா காரையும் குறைஞ்சது ஒரு லேப் முந்தியாச்சு. 1993ல குரூப் ஏ முடியிற வரைக்கும் ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்ல 29 ரேஸ் ஓடுச்சு. 29லயும் ஜெயிச்சது. 1991ல பெல்ஜியத்துல ஸ்பா 24 மணி நேர ரேஸும் இதுக்குத்தான்.

ஆஸ்திரேலியாவுல ஒரு பத்திரிகை இதுக்கு வச்ச பேர் காட்ஸில்லா. 1991ல பாதர்ஸ்ட் 1000 ரேஸை ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் ஜெயிச்சாங்க. அங்க ஹோல்டன், ஃபோர்டுங்கிற ரெண்டு கார் பிராண்டும் ரசிகர்களுக்கு மதம் மாதிரி. ஜப்பான் கார் ஜெயிச்சது பலருக்குப் பிடிக்கலை. விதியை மாத்தி ஜிடி-ஆரோட எடையைக் கூட்டிப் பார்த்தாங்க, அப்பவும் அதோட வெற்றி நிக்கலை. 1992ல பெருமழை. ரிச்சர்ட்ஸ் கார் விபத்துல மோதி நின்னுடுச்சு, ரேஸும் நிறுத்தப்பட்டுச்சு. விதிப்படி சில லேப் பின்னாடி போய்க் கணக்கு பார்த்தா, முன்னாடி இருந்தது அவங்க கார்தான். மேடையேறினவங்களைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டுச்சு. அன்னைக்கு அதே ரேஸ்ல ஓட்டிக்கிட்டிருந்த முன்னாள் உலக சாம்பியன் டென்னி ஹல்ம் மாரடைப்புல இறந்திருந்தாரு. ரிச்சர்ட்ஸும் அவரும் நியூசிலாந்துக்காரங்க, நண்பர்கள். சேதி அப்பதான் காதுல விழுந்திருக்கு. அந்த நிலையில அவர் கூட்டத்தைப் பார்த்துக் கோபமா திட்டினதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் தப்புன்னு சொல்ல மனசு வரலை. அடுத்த வருஷம் அங்க விதியே மாறுச்சு. ஐந்து லிட்டர் வி8 காலம் வந்தது, ஜிடி-ஆருக்கு இடமில்லை.

[காட்சி: ஒர்க்‌ஷாப். திறந்த பானட்.]

ரோட்டுல வித்த கார்ல எவ்வளவு சக்தி? 280 குதிரைத்திறன். அப்போ ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள்ள வச்சிருந்த உடன்பாடு அது, அதுக்கு மேல யாரும் அறிவிக்கக் கூடாது. 600ஐத் தாங்குற இன்ஜினை 280ல கட்டி வச்சு வித்தாங்க. டியூனிங் பண்றவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

முதல் பூட்டு ரொம்பச் சின்னது. டர்போ காத்தைத் தள்ளுற அழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் கட்டுப்படுத்துற ஹோஸுக்குள்ள ஒரு குட்டி அடைப்பான் இருக்கும். அதை எடுத்தாலே பூஸ்ட் ஏறும். ஆனா அந்த அழுத்தம் ஒரு பார் (அழுத்தத்தோட அலகு) தாண்டினா ஆபத்து. டர்போவோட டர்பைன் சக்கரம் செராமிக். லேசா இருக்கும், அதனால சீக்கிரம் சுழலும். ஆனா சூடும் வேகமும் கூடினா உடைஞ்சு சிதறிடும். இது நிசானுக்கும் தெரியும். ரேஸுக்காக 1990ல 560 கார் மட்டும் செஞ்ச நிஸ்மோ (நிசானோட ரேஸ் பிரிவு) பதிப்புல எஃகு டர்பைனைத்தான் போட்டாங்க. அடுத்த பலவீனம் ஆயில் பம்ப். ஆரம்பகால ஆர்32ல கிராங்க் (இன்ஜினோட சுழல் தண்டு), பம்பைச் சுத்துற இடம் குட்டையா இருக்கும். உயர் ஆர்பிஎம்ல பம்ப் உடைஞ்சா அத்தோட இன்ஜின் காலி. நல்ல மெக்கானிக் சக்தியைத் தொடுறதுக்கு முன்னாடி இதைத்தான் சரி பண்ணுவாரு.

இந்த ரெண்டையும் மாத்திட்டா அந்த வார்ப்பிரும்பு பிளாக் தாங்குற அளவு பிரமிப்பா இருக்கும். ஃபூஜி மலை அடிவாரத்துல இருக்கிற எச்கேஎஸ்ங்கிற டியூனிங் கம்பெனி, இன்ஜினை 2.8 லிட்டராக்குற பாகங்களோட தொகுப்பையே கொண்டுவந்துச்சு. மைன்ஸ், ட்ரஸ்ட், டாப் சீக்ரெட் மாதிரி டியூனிங் கடைங்க ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு யதாபே ஓவல் டிராக்ல 300 கிலோமீட்டர் வேகத்தைத் துரத்துச்சு. ராத்திரியில டோக்கியோ விரிகுடா நெடுஞ்சாலையில அதே வேகத்துல போனவங்களும் உண்டு. அந்தப் பக்கத்தை நான் கொண்டாட மாட்டேன். மத்தவங்களும் போற ரோடு அது.

அப்புறம் ஆர்33, ஆர்34 வந்துச்சு, ரெண்டுலயும் இதே இன்ஜின். 2002ல உற்பத்தி நின்னுச்சு. 2017ல ஆர்32க்கான பழைய உதிரி பாகங்களை நிஸ்மோ மறுபடி செஞ்சு விக்கத் தொடங்குச்சு.

[காட்சி: பிளாக்கோட நெருக்கமான படம்.]

கடைசியா ஒண்ணு. சாதாரண ஆர்பி26 பிளாக்ல 05யூன்னு வார்ப்பிலேயே ஒரு குறி இருக்கும். ரேஸுக்காகச் சுவர் தடிமனாக்கின என்1 பிளாக்ல அது 24யூ. எங்கயாவது ஒரு ஜிடி-ஆர் பானட் திறந்து கிடந்தா, டர்போவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டுட்டு அந்தக் குறியைத் தேடிப் பாருங்க.